ஒரு சதவீதம்னா எதுல ஒரு சதவீதம்?

மே மாசம் பாதி தாண்டிவிட்டால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். கல்லூரியில் வேதியியல் படித்தேன் என்ற ஒரே குற்றத்துக்காக. கம்பமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களின் கணக்குப்பிள்ளைகள் என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. "தம்பி, ஒரு பர்சென்ட் போர்டோ அடிக்கச் சொல்லிருக்காங்க. இருநூறு லிட்டர் டிரம்முக்கு துரிசு எவ்வளவு போடணும்?"

இரண்டு கிலோ மயில்துத்தம் (துரிசு என்பதும் இதுதான், காப்பர் சல்ஃபேட்), இரண்டு கிலோ சுட்ட சுண்ணாம்பு, மொத்தம் இருநூறு லிட்டர் வருகிற மாதிரி தண்ணீர். அவ்வளவுதான் பதில். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் ஒரு சதவீதம். மூன்றாம் வகுப்புக் கணக்கு.

வம்பு அடுத்த ஃபோனில் வரும். அதே ஆள், அதே டிரம். "இப்ப பேனுக்கு குயினால்பாஸ் அடிக்கணும். பாயிண்ட் பூஜ்யம் அஞ்சு பர்சென்ட்னு போட்டிருக்கு. அப்ப நூறு மில்லிதானே?" முதல் கணக்கின்படி பார்த்தால் இருநூறு லிட்டரில் 0.05 சதவீதம் நூறு மில்லிதான். ஆனால் ஊற்ற வேண்டியது நானூறு மில்லி. கடையில் விற்கும் பாட்டிலில் '25 ஈ.சி.' என்று இருக்கும். அதாவது உள்ளே மருந்துச் சத்து நூற்றுக்கு இருபத்தைந்து. மீதியெல்லாம் கரைப்பானும் தண்ணீரோடு கலக்க வைக்கும் சரக்கும். சிபாரிசில் இருக்கும் 0.05, அந்தச் சத்தின் சதவீதம்.

போர்டோவில் சொன்ன ஒரு சதவீதம் கடையில் வாங்கின கட்டியின் எடை. குயினால்பாஸில் சொன்ன 0.05 பாட்டிலுக்குள் ஒளிந்திருக்கும் சத்தின் அளவு. இரண்டையும் எழுதுவது ஒரே மாதிரிதான். இது பழகிவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது. ஆகவே இந்த வருஷம் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். ஃபோன் வந்தால் இந்தப் பதிவின் சுட்டியை அனுப்பினால் போதும்.

முதலில் போர்டோ. எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் இதைவிட அதிகமாகக் கலக்கப்படுகிற கரைசல் வேறு இல்லை என்றே நினைக்கிறேன் (டீயைக் கணக்கில் சேர்க்கவில்லை). தென்மேற்குப் பருவமழை இடுக்கியில் இறங்கினால் ஏலத்துக்கு அழுகல் வந்துவிடும். காயில் தண்ணீர் கோத்த மாதிரி ஒரு கறை விழும், பச்சை மங்கிப் பழுப்பாகும், கிட்டே போனால் நாற்றம் அடிக்கும், தொட்டால் உதிரும். பைட்டோப்தோரா என்கிற, பூஞ்சை மாதிரியான கிருமியின் வேலை. மிளகுக்கொடி வாடிச் சாவதும், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் சித்தப்பாவின் தென்னைக்கு வருகிற குருத்தழுகலும் இதே குடும்பத்தின் வேலைதான். ஏலமலைக்கும் கொழிஞ்சாம்பாறை இருக்கிற சித்தூர் வட்டாரத்துக்கும் மண்ணும் பயிரும் வேறு, மருந்து மட்டும் ஒன்று. சித்தப்பா குருத்தைச் சீவிவிட்டுப் பூசுவது பத்து சதவீதப் பசை: ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்தே லிட்டர் தண்ணீர். சாமான் அதேதான், தண்ணீர் மட்டும் பத்தில் ஒரு பங்கு.

மயிலாடும்பாறையில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையம். இரண்டு இடத்திலும் கேட்டால் ஒரே பாடம்தான். மழைக்கு முன்னால் தோட்டத்தைச் சுத்தம் செய்து, காய்ந்த தட்டையையும் அழுகின சரத்தையும் அப்புறப்படுத்திவிட்டு, ஒரு சதவீத போர்டோ அடி. மழை நடுவே வெறிக்கும்போது இன்னொரு தடவை.

செய்முறை தெரியும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் எங்கே பிசகுகிறது என்று தெரியும்.

மயில்துத்தம் கட்டிகட்டியாக இருக்கும். டிரம்முக்குள் போட்டுக் கம்பால் கிண்டினால் அடியில் கிடந்து லேசில் கரையாது. கரைந்த துத்தத் தண்ணீர் கனமானது. அடியிலேயே தங்கி, மிச்சக் கட்டியைச் சுற்றிப் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதல் நாள் சாயங்காலமே துத்தத்தைச் சாக்குத் துணியில் முடிந்து, டிரம்மின் குறுக்கே ஒரு குச்சியை வைத்து, முடிச்சு தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி தொங்கவிடுவார்கள். கரைந்தது நீல நூல் நூலாகக் கீழே இறங்கும், கட்டியைச் சுற்றி எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கும். விடிந்து பார்த்தால் துணி காலி. கிண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் டிரம்தான், இரும்பு கூடாது. இரும்பில் ஊற்றினால் செம்பு போய் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும், இரும்பு கரைந்து உங்கள் மருந்துக்குள் வரும்.

சுண்ணாம்பைத் தனியாக நீற்ற வேண்டும். கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே கொதித்துப் பொங்கி ஆவி வரும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும், கண்ணாடி போடாமல் இதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். நீற்றினது நன்றாக ஆறின பிறகு மீதித் தண்ணீரை விட்டு வடிகட்ட வேண்டும். சூடாக இருக்கும்போதே துத்தத்தோடு சேர்த்தால் நீலம் கறுக்கும், அந்தச் சரக்கு உதவாது. காற்றுப் பட்டுத் தானாகப் பொடிந்துபோன பழைய சுண்ணாம்பும் உதவாது. காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் குடித்து அது பாதி கல்லாகத் திரும்பியிருக்கும். ஒரு கிலோ நிறுத்துப் போட்டிருப்பீர்கள், வேலை செய்கிற சுண்ணாம்பு அரைக் கிலோகூட இருக்காது. இங்கேயும் கேள்வி அதேதான்: ஒரு கிலோ எது?

இப்போது எதில் எதை ஊற்றுவது? சுண்ணாம்புப் பாலில் துத்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும். மெதுவாக, கலக்கிக்கொண்டே. தலைகீழாகச் செய்தால் துகள் பெரிசு பெரிசாகத் திரண்டு அடியில் படியும், நாசில் அடைக்கும். தோட்டத்தில் மருந்து அடிக்கிற நாளில் பாதி நேரம் நாசிலைக் கழற்றி ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், காலையில் எதில் எதை ஊற்றியிருப்பார்கள் என்று ஊகித்துவிடலாம்.

கடைசியில் கத்திச் சோதனை. பளபளவென்று தேய்த்த கத்தியையோ ஆணியையோ கலவையில் ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பழுப்பாகப் படிந்திருந்தால் தனிச் செம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது, இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் விட வேண்டும். கத்தி வெள்ளையாகவே வந்தால் சரி. கடையில் லிட்மஸ் தாள் மலிவாகக் கிடைக்கிறது, அதிலும் பார்க்கலாம்; ஆனால் மலையில் பையில் லிட்மஸ் வைத்திருக்கிறவனைவிட இடுப்பில் கத்தி வைத்திருக்கிறவன் அதிகம். இந்தச் சோதனை சொல்லாமல் சொல்வது என்னவென்றால், நிறுத்துப் போட்ட 'ஒன்றுக்கு ஒன்று' வெறும் ஆரம்பப் புள்ளி. சுண்ணாம்பின் தரம் பார்த்து நீங்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும். கலந்த அன்றைக்கே அடித்து முடித்துவிட வேண்டும். நாளைக்கு வைத்திருந்தால் துகள் திரண்டு, ஒட்டுகிற குணம் போய்விடும்.

இந்தக் கலவை பிறந்த கதை எனக்குப் பிடித்தமானது. பிரான்சில் போர்டோ பக்கம் மெடாக் என்று ஒரு திராட்சைப் பிரதேசம். ரோட்டோரக் கொடிகளில் போகிறவன் வருகிறவன் திராட்சையைப் பறித்துத் தின்றுவிடுகிறான் என்று, துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து, விஷம் மாதிரி தெரிகிறபடி நீலமாக ஆக்கி வைத்திருந்தார்கள். 1882இல் அந்த வழியாகப் போன தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, மற்ற கொடியெல்லாம் நோயில் இலை உதிர்ந்து நிற்க, ரோட்டோரக் கொடி மட்டும் பச்சையாக இருப்பதைக் கவனித்தார். ஆராய்ந்து 1885இல் வெளியிட்டார். நம் ஊரில் சோளக்கொல்லைப் பொம்மைக்கு யாரும் இந்த மாதிரி கௌரவம் செய்ததில்லை.

எனக்குச் சுவாரசியம் அவருடைய முதல் அளவில்தான். நூறு லிட்டர் தண்ணீரில் எட்டு கிலோ துத்தம். தனியாக முப்பது லிட்டரில் பதினைந்து கிலோ சுண்ணாம்பு. கூட்டிப் பாருங்கள், 130 லிட்டருக்கு 8 கிலோ, ஆறு சதவீதத்துக்கு மேல். நாம் இன்று அடிப்பது ஒன்று. அதாவது கண்டுபிடித்தவரே ஆறு மடங்கு அதிகமாகப் போட்டிருக்கிறார். போகப் போகத்தான் இவ்வளவு தேவையில்லை என்று குறைத்துக்கொண்டே வந்தார்கள். இந்தியாவில் மலைநாட்டுப் பாக்குக்கு வருகிற மகாளி நோய்க்கு இதைக் கொண்டுவந்தவர் மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த கோல்மன் என்கிற கனடாக்காரர், 1910 வாக்கில். பாக்கிலிருந்து மிளகு, ஏலம், தென்னை எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது.

மருந்து குறைவாகப் போட்டுக் கெட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கூடப் போடுகிறவர்கள்தான் அதிகம். "சதவீதமெல்லாம் எதுக்குண்ணே, ரெண்டு மூடி சேத்து ஊத்து" என்பது எங்கள் பக்கத்துத் தாரக மந்திரம். எந்த மூடி? ஒரு கம்பெனி பாட்டில் மூடி பத்து மில்லி பிடிக்கும், இன்னொன்று இருபத்தைந்து பிடிக்கும். மூடியை அளவாக வைத்துக்கொண்டு பிராண்டை மாற்றினால் கணக்கு எங்கோ போய்விடும். மருந்துக்கடையில் விற்கிற பெரிய சிரிஞ்சோ, அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையோ ஒன்று வாங்கி மருந்துக்கென்றே தனியாக வையுங்கள். வீட்டுச் சமையலறைப் பக்கம் அது போகக் கூடாது.

கூட ஊற்றுவதன் பலன் பூச்சிக்கு மட்டும் போவதில்லை. மலைமேல் மருந்து அடிக்கிறவர்களில் நிறையப் பேர் தினமும் விடியுமுன் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப் ஏறிப் போகிற நம் ஆட்கள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர்கள். தோளில் வழிவது அவர்களுக்கு. காயில் தங்குகிற எச்சம் புற்றடியிலும் போடியிலும் ஏலம் விடும்போது கண்ணுக்குத் தெரியாது, கப்பல் ஏறின பிறகு தெரியும். பூச்சிமருந்து எச்சத்தைக் காரணம் காட்டிச் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பி அனுப்பினபோது இங்கே விலை எப்படித் தள்ளாடியது என்று தோட்டக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, பாட்டில் மருந்துக்கு ஒரு வாய்ப்பாடு. வேண்டிய சதவீதத்தை வேண்டிய லிட்டரால் பெருக்கி, லேபிளில் இருக்கிற சதவீதத்தால் வகுக்க வேண்டும். 0.05 ஐ 200 ஆல் பெருக்கினால் 10. அதை 25 ஆல் வகுத்தால் 0.4 லிட்டர். அதுதான் நானூறு மில்லி. முதுகில் மாட்டுகிற பதினாறு லிட்டர் டேங்க் என்றால் 32 மில்லி. எந்தத் திரவத்துக்கும் எந்தப் பொடிக்கும் இதே கணக்குதான், சிபாரிசு சத்தைச் சொல்கிறதா சரக்கைச் சொல்கிறதா என்று முதலில் தெரிந்துகொண்டால்.

அது தெரியாத இடமும் உண்டு. காப்பர் ஆக்ஸிகுளோரைடு ஐம்பது சதவீதப் பொடியாக வருகிறது. மிளகு வேருக்கு ஊற்ற '0.2 சதவீதம்' என்று எழுதியிருந்தால் பொடியைச் சொல்கிறார்களா, செம்பைச் சொல்கிறார்களா? பொடி என்றால் லிட்டருக்கு இரண்டு கிராம், செம்பு என்றால் நான்கு. இரட்டிப்பு வித்தியாசம். இந்த மாதிரி இடத்தில் என்னைக் கேட்காதீர்கள், கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) போய் 'லிட்டருக்கு எத்தனை கிராம்' என்று கேளுங்கள். சதவீதத்தில் பதில் சொன்னால் விடாதீர்கள். கிராமில் வாங்கிக்கொண்டு வாருங்கள். சிபாரிசு எழுதுகிறவர்களே 'லிட்டருக்கு இவ்வளவு' என்று எழுதிவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இனி ஆசிட். தொடுபுழைப் பக்கமும் மண்ணார்க்காட்டுப் பக்கமும் ரப்பர்ப் பால் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் வாங்குவார்கள். கேனில் 85 சதவீதம் என்று இருக்கும். பத்து லிட்டர் ஒரு சதவீதக் கரைசல் வேண்டுமென்றால் மேலே சொன்ன வாய்ப்பாட்டின்படி 118 மில்லி வரும். ஆனால் ரப்பர்க்காரர்கள் லிட்டருக்குப் பத்து மில்லி, பத்து லிட்டருக்கு நூறு மில்லி என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார்கள். படிக்காத கணக்கு, தப்பு என்று தோன்றும்.

தப்பில்லை. அந்த 85 எடைக் கணக்கு: நூறு கிராம் ஆசிட்டில் 85 கிராம் சத்து. ஃபார்மிக் ஆசிட் தண்ணீரைவிடக் கனம், ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 1.2 கிலோ இருக்கும். ஆகவே ஒரு மில்லியின் எடை 1.2 கிராம், அதில் 85 சதவீதம் என்றால் 1.02 கிராம். பத்து மில்லி ஊற்றினால் பத்து கிராம் சத்து, அதாவது லிட்டரில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம். லேபிளின் குறைவை ஆசிட்டின் கனம் ஈடுகட்டிவிடுகிறது. கனத்தைக் கணக்கில் எடுக்காமல் என்னுடைய வாய்ப்பாட்டைப் போட்ட பட்டதாரிதான் பதினெட்டு மில்லி வீணாக்குவான். எடையை எடையோடும் கன அளவைக் கன அளவோடும் வைத்தால்தான் அந்த வாய்ப்பாடு செல்லும். நீர்த்த கரைசலில் வித்தியாசம் தெரியாது, கனமான ஆசிட்டில் தெரியும்.

ஊற்றும் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. சல்ஃப்யூரிக் ஆசிட்டாக இருந்தால் இந்த வரிசை மாறின நொடியில் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஃபார்மிக் அந்த அளவுக்குச் சீறாது, ஆனால் தோலைப் புண்ணாக்கும், ஆவி கண்ணைக் கெடுக்கும். கையுறை போடாமல் ஊற்றுகிற ஆட்களின் விரல் நுனியைப் பார்த்தால் புரியும்.

எங்கள் எல்லையைப் பற்றிப் பேசினால் சோதனைச்சாவடி ஞாபகம் வராமல் இருக்காது. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பாலக்காட்டுப் பக்கம். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு இடுக்கிப் பக்கம். தமிழ்நாட்டுப் பால் கேரளாவுக்குள் போகிற வழியில் மீனாட்சிபுரத்தில் பால்வளத் துறை சோதனைக்கூடம் வைத்துப் பார்க்கிறது. 2018 ஜூனில் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று கேரள உணவுப் பாதுகாப்புத் துறை இறங்கினபோது வாளையாற்றில் லாரி லாரியாக மீன் பிடிபட்டது. மீனில் ஃபார்மலின். கொச்சியில் இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அதே வருஷ ஆரம்பத்தில்தான் ஃபார்மலினைக் கண்டுபிடிக்கும் தாள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. மீன்மேல் தேய்த்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கலாம்.

இந்த ஃபார்மலின் இருக்கிறதே, சதவீதக் குழப்பத்தின் ராஜா இதுதான். ஃபார்மால்டிஹைடு என்கிற வாயுவைத் தண்ணீரில் கரைத்து 37லிருந்து 40 சதவீதம் வரை வைத்து விற்பதற்குப் பெயர் ஃபார்மலின். ஆஸ்பத்திரியில் சதைத்துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது 'பத்து சதவீத ஃபார்மலினில்' போடுவார்கள். அதில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு பத்து சதவீதம் கிடையாது, நான்குக்கு மேல் போகாது! ஒரு பங்கு ஃபார்மலின், ஒன்பது பங்கு தண்ணீர் என்பதைத்தான் பத்து சதவீதம் என்கிறார்கள். புதிதாக ஆய்வகத்தில் சேர்ந்த பையன் பத்து சதவீத ஃபார்மால்டிஹைடு என்று படித்துக் கணக்குப் போட்டால் இரண்டரை மடங்கு காரமாகக் கலந்து வைப்பான். கண்ணெரிச்சல்தான் முதல் அறிகுறி.

பிளீச்சிங் பவுடர் இன்னொரு ரகம். 2018 ஆகஸ்ட் 9ஆம் தேதி செறுதோணி அணையில் ஷட்டர் திறந்தார்கள், இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம். தொடர்ந்து வந்த வெள்ளம் வடிந்த பிறகு கேரளா முழுக்கக் கிணறு கிணறாக பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து கொரோனாவில் அதே பவுடரைத் தரையிலும் கைப்பிடியிலும் தெளித்தார்கள். பவுடர் ஒன்றுதான். புதுச் சரக்கில் குளோரின் சத்து 33 சதவீதம் வரை இருக்கும். தரைக்கு ஒரு சதவீதம் வேண்டும். லிட்டருக்கு முப்பது கிராம் போட்டால் அதில் பத்து கிராம் குளோரின், சரி. குடிக்கிற கிணற்றுக்கு வழக்கமான அளவு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கொன்று பன்னிரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். 'பிளீச்சிங் பவுடர் தண்ணி' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை, எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதிலும் பவுடர் பழசானால் சத்து போய்விடும். ஈரம் பட்ட மூட்டையில் 33 இருந்தது 20க்கு இறங்கியிருந்தால் லிட்டருக்கு முப்பது போதாது, ஐம்பது கிராம் வேண்டும். மூட்டை திறந்ததும் மூக்கைத் தாக்குகிற நெடி இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

கொரோனா காலத்தில் மனிதர்கள்மேலேயே கிருமிநாசினி தெளித்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. 2020 ஏப்ரல் முதல் வாரம் திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள், ஊரெல்லாம் காப்பியடித்தது. அதே மாசம் மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்மேல் தெளிக்காதே என்று அறிவுரை விட வேண்டியதாயிற்று. பொருளுக்குச் சரியான சதவீதம் என்று ஒன்று உண்டு. மூச்சிழுக்கிற ஆளுக்குச் சரியான சதவீதம் பூஜ்யம். கேரளாவில் பறவைக் காய்ச்சல் வரும்போதெல்லாம் எல்லைச் சாவடிகளில் கால்நடைத் துறை ஆட்கள் கோழி லாரியின் சக்கரத்துக்கு மருந்து அடிப்பார்கள். அது நியாயமான வேலை, சக்கரத்துக்கு நுரையீரல் கிடையாது. அங்கே நின்று அடிக்கிறவருக்கு முகக்கவசம் கொடுத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இவ்வளவு சொன்னபின் தராசே இல்லாத ஒரு முறையையும் சொல்லிவிடுகிறேன். நெல் விதையில் பதர் பிரிக்க உப்புத் தண்ணீர் செய்வது. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு நல்ல கோழி முட்டையைப் போட்டு, உப்பைக் கொட்டிக் கரைத்துக்கொண்டே வர வேண்டும். முட்டை மேலே வந்து, இருபத்தைந்து காசு அளவுக்கு முதுகு வெளியே தெரிந்தால் நிறுத்திவிடலாம். பிறகு விதையைக் கொட்டினால் பதரெல்லாம் மிதக்கும், மணி மூழ்கும். சித்தூர் வயல்காட்டிலும் செய்கிறார்கள், கம்பம் பள்ளத்தாக்கிலும் செய்கிறார்கள். ஒன்றரை கிலோ சொச்சம் உப்பு பிடிக்கும். உப்பு ஈரமா காய்ந்ததா என்ற கவலையே இல்லை. நமக்கு வேண்டியது கரைசலின் அடர்த்தி, முட்டை அதையே நேராக அளக்கிறது. இருபத்தைந்து காசு 2011இலேயே செல்லாமல் போய்விட்டது என்பது தனிக் கவலை. இன்றைய பிள்ளைகளுக்கு முட்டையைக் காட்டலாம், காசை எங்கே போய்க் காட்டுவது?

ஒன்றரை கிலோவைப் பத்து லிட்டரில் போட்டால் பதினைந்து சதவீதம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எடைக்கு எடை பார்த்தால் மொத்தம் பதினொன்றரை கிலோவில் ஒன்றரை, பதின்மூன்றுதான். ஒரு சதவீத போர்டோவில் இந்த வித்தியாசத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், தண்ணீர் நூறு லிட்டரா கலவை நூறு லிட்டரா என்று அடித்துக்கொள்ள வேண்டாம். சதவீதம் ஏற ஏறத்தான் இது கையைக் கடிக்கும்.

பஞ்சகவ்யா மூன்று சதவீதம் தெளிக்கச் சொல்கிறார்களே, அது எப்படி என்று போன வருஷம் ஒருவர் கேட்டிருந்தார். நூறு லிட்டருக்கு மூன்று லிட்டர். அந்த மூன்று லிட்டருக்குள் சத்து எத்தனை சதவீதம் என்று கேட்டால் மாட்டைத்தான் கேட்க வேண்டும்.

மறுபடி செம்புக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கை யாரும் போடுவதாகத் தெரியவில்லை. துத்தத்தின் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, கந்தகமும் இருக்கிறது. ஒரு கிலோவில் செம்பு கிட்டத்தட்ட 254 கிராம்தான். ஆகவே ஒரு சதவீத போர்டோவில் செம்பு கால் சதவீதம். நோயைத் தடுக்க அது போதும். ஆனால் மற்ற மருந்து மாதிரி செம்பு சிதைந்து போகாது, மழையில் இறங்கி மண்ணில் தங்கும்.

பத்தடிக்குப் பத்தடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 435 ஏலத் தூர். தூருக்கு ஒரு லிட்டர் வைத்தால் 435 லிட்டர், அதில் 4.35 கிலோ துத்தம், அதில் 1.1 கிலோ செம்பு. ஹெக்டேருக்கு 2.7 கிலோ. இரண்டு சுற்று அடித்தால் ஐந்தரை கிலோ. ஐரோப்பிய ஒன்றியம் 2019லிருந்து தன் விவசாயிகளுக்கு வைத்திருக்கிற உச்சவரம்பு ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ, சராசரி வருஷத்துக்கு நான்கு. போர்டோ பிறந்த பிரான்சுக்கும் அதே வரம்புதான். நம் மலையில் மழை அதிகம், நோய் அதிகம், அவர்கள் வரம்பை அப்படியே எடுத்து வைக்க முடியாது என்பது சரி. ஆனால் "இந்த வருஷம் மழை விடவே மாட்டேங்குது, மூணாவது தடவையும் அடிச்சிரலாமா" என்று ஜூலையில் ஃபோன் பண்ணுகிறவர்கள், முதலில் மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது செம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிரம்மைக் கழுவின தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள், கொஞ்சம் செம்பே மீனைக் கொன்றுவிடும். தூருக்கு ஒரு லிட்டர் என்று நான் போட்டதும் உத்தேசம்தான். ஒரு டிரம் எத்தனை தூருக்கு வருகிறது என்று எண்ணி, உங்கள் ஆட்கள் எவ்வளவு அடிக்கிறார்கள் என்பதை அதே கணக்கில் போட்டுப் பாருங்கள்.